இரண்டு முறை அடித்தும் புகையான் சாகவில்லை, ஏன்?

கேள்வி: திருவாரூர் பக்கம், சி.ஆர். 1009 நெல், நட்டு 75 நாள். பயிரின் அடியில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிக்கு இமிடாகுளோபிரிட் மருந்தை இரண்டு முறை அடித்தும் குறையவில்லை. கடைக்காரர் அளவை இரண்டு மடங்காக்கி, கூடவே ஒரு பைரித்ராய்டு மருந்தையும் கலந்து அடிக்கச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. பைரித்ராய்டு அடித்தால் புகையானைத் தின்னும் சிலந்தியும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியும்தான் முதலில் சாகும், புகையான் பிறகு முன்னைவிட அதிகமாகத் திரும்பி வரும்.

இமிடாவுக்குப் புகையான் பழகிப்போவது புதிதல்ல, 2003-லேயே தாய்லாந்தில் தெரிந்தது, அப்புறம் வியட்நாம், சீனா, நம் நாடு என்று பல இடங்களில் பதிவானது. பூச்சி தன் உடம்புக்குள்ளேயே மருந்தைச் சிதைக்கும் நொதியை அதிகம் சுரக்கிறது, அதனால் அளவைக் கூட்டினால் தாக்குப்பிடிப்பவை மட்டும் மிஞ்சிப் பெருகும்.

ஆனால் உங்கள் வயலில் நடந்தது அதுதானா என்று முதலில் பாருங்கள். மருந்து பயிரின் அடித்தூரில் பட்டதா? இலைமேல் மட்டும் அடித்திருந்தால் எந்த மருந்தும் கேட்காது. பட்டிருந்தால், அடித்த மூன்றாம் நாள் இருபது குத்தை (ஒரே இடத்தில் நட்ட நாற்றுக் கொத்தை) தட்டி, தண்ணீரில் விழுவதை எண்ணுங்கள். பெரிய குஞ்சும் இறக்கை முளைத்ததும் அப்படியே இருந்தால் எதிர்ப்புச் சக்தி என்று சந்தேகிக்கலாம், ஒரு வாரம் கழித்து மணல் போலப் பொடிக்குஞ்சு மட்டும் தெரிந்தால் அது இலையுறைக்குள் இருந்த முட்டை பொரித்தது, மருந்தின் குற்றமில்லை. ஒரு மூலையை அடிக்காமல் விட்டு அங்கேயும் எண்ணினால்தான் கணக்கு நிற்கும். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் உயிரோடு உள்ள பூச்சியை வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிக் கேளுங்கள், மருந்தில் நனைத்த நெல் தண்டில் விட்டுப் பார்க்கும் சோதனை இருக்கிறது.

குத்திலுள்ள ஒவ்வொரு தண்டுக்கும் ஒரு புகையானுக்கு மேல் இருந்தால் (குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் இரண்டு வரை பொறுக்கலாம்) மருந்தை மாற்றுங்கள். தயாமீதாக்சாம் வாங்காதீர்கள், பெயர்தான் வேறு, இமிடாவின் அதே குடும்பம். பைமெட்ரோசின் 50 டபிள்யூ.ஜி. ஏக்கருக்கு 120 கிராம், 200 லிட்டர் தண்ணீரில். பூச்சி சாறு உறிஞ்சுவதை நிறுத்திப் பட்டினியில்தான் சாகும், மறுநாளே உயிரோடிருக்கிறதே என்று இன்னொன்றை அடித்துவிடாதீர்கள். இந்தப் பட்டத்தில் இதையே மறுபடியும் அடிக்க வேண்டாம்.

அடிப்பதற்கு முன் தண்ணீரை வடித்துவிட்டு, எட்டடிக்கு ஓரடி பயிரைப் பிரித்துவிட்டு, தெளிப்பான் முனையை அடித்தூருக்கு இறக்கி அடியுங்கள். யூரியா போட நினைத்திருந்தால் இப்போதைக்கு நிறுத்துங்கள்.