தேனீப் பெட்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் மதில் பொந்தில் தேனீக்கூடு இருக்கிறது. அதைப் பெட்டிக்கு மாற்றி வளர்க்க முடியுமா? – வாசகர், மூதூர்

பதில்: முடியும். பொந்துக்குள் பல அடைகள் பக்கம் பக்கமாகத் தொங்கினால் அது பெட்டிக்குப் பழகும் இந்தியத் தேனீ. திறந்த வெளியில் ஒற்றை அடையாகத் தொங்கும் மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் பெட்டியில் தங்கா, அவற்றைத் தொடாதீர்கள்.

பின்னேரம் ஐந்து மணியளவில் தொடங்குங்கள். முகவலை அணிந்து, பொச்சுப் புகையை அளவாகக் காட்டி, அடைகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுங்கள். முட்டையும் புழுவும் உள்ள அடையின் மேல்விளிம்பை நேராக வெட்டி, பெட்டிக்குள் தொங்கும் மரச்சட்டத்தின் மேற்கட்டையோடு ஒட்ட வைத்து வாழைநாரால் கட்டுங்கள். மேல்பக்கம் மேலேயே இருக்க வேண்டும். அறைகள் சற்று மேல்நோக்கிச் சாய்ந்தவை. தேன் அடையைக் கட்டவே கூடாது. பாரத்தில் அறுந்து விழுந்து தேன் வழிந்தால் அன்றிரவே எறும்பு வந்துவிடும்.

பிறகு கொத்தாக நிற்கும் தேனீக்களை மெதுவாக அள்ளிப் பெட்டிக்குள் விடுங்கள். வாசலில் சில தேனீக்கள் பின்புறத்தைத் தூக்கிச் சிறகடிக்க, மற்றவை வரிசையாக உள்ளே நடந்தால் ராணி பெரும்பாலும் உள்ளேதான். பொந்தைக் களிமண்ணால் அடைத்து, பெட்டியை அதே இடத்தில் வையுங்கள். உடனே வளவின் மறுமூலைக்குக் கொண்டுபோனால் வெளியே பறப்பவை பழைய இடத்துக்கே திரும்பிவிடும். பின்னர் நாளுக்கு ஓரிரு அடியாக நகர்த்தலாம்.

கேள்வி: பெட்டியில் விட்ட மூன்றாம் கிழமையே எல்லாம் பறந்துவிட்டன. ஏன்? – வாசகி, தம்பலகாமம்

பதில்: இந்தியத் தேனீயின் இயல்பே அதுதான்: பசி, எறும்பு, மெழுகுப்பூச்சி, வெக்கை, அடிக்கடி திறந்து பார்ப்பது, எது தாங்காவிட்டாலும் கூட்டை விட்டுவிடும். போகுமுன் அறிகுறி காட்டும். மகரந்தம் சுமந்து வருபவை குறையும், அறைகளில் புதிய முட்டை இராது.

புதுக் கூட்டத்துக்கு 1 கிலோ சீனியை 1 லீற்றர் சுடுநீரில் கரைத்து ஆறவிட்டு, மாலையில் 200 மில்லிலீற்றர் அளவில் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். மூழ்காதிருக்க ஈர்க்குத் துண்டுகளை மிதக்கவிடுங்கள். பகலில் வைத்தால் அயல் கூட்டங்கள் கொள்ளையடிக்க வரும். பெட்டியின் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டைகளில் நிறுத்துங்கள். தேனீ மூடாத வெற்று அடைகளை எடுத்துவிடுங்கள். மெழுகுப்பூச்சி அங்கேதான் முட்டையிடும். கிழமைக்கு ஒருமுறை, பத்து நிமிடத்துக்குள் பார்த்து மூடினால் போதும்.

வாசலில் ராணித் தடுப்புத் தகடு போடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முட்டை தென்படும் கூட்டத்துக்கு மட்டும், சில நாட்களுக்கு மட்டும் போடுங்கள். கன்னி ராணி வெளியே பறந்து இணைசேராவிட்டால் ஆண் தேனீக்களே பிறந்து கூட்டம் அழியும்.

நம் பக்கத்தில் கச்சான் காற்றுக் காலம் பெரிய சோதனை. அந்தச் சூட்டில் மெழுகு இளகிப் புது அடை அறுந்து விழும். வாசல் கிழக்கு நோக்கட்டும். மாமர நிழலில் வைத்து மேலே கிடுகு போடுங்கள். அருகே கூழாங்கல் இட்ட தட்டில் தண்ணீர் வையுங்கள், அதைக் கொண்டுதான் அவை கூட்டைக் குளிர்விக்கும். மாரியில் பெட்டியை வாசல்பக்கம் சற்றுச் சரித்து, விடாமழை நாட்களில் மீண்டும் சீனிப்பாகு கொடுங்கள்.

கேள்வி: பக்கத்து வயலில் மருந்தடிக்கும் நாளில் பெட்டியை மூடிவைக்கலாமா? – வாசகர், கிண்ணியா

பதில்: வெயிலில் நாள் முழுக்க மூடினால் உள்ளே வெந்து சாகும். நெல் பூக்கும் நாட்களில் முற்பகலில் தேனீ மகரந்தம் எடுக்க வயலுக்குப் போகும். வயல்காரரிடம் பேசி, தேனீ கூடடைந்தபின், மாலையில் அடிக்கச் சொல்லுங்கள்.