ரெண்டாவது பாம்பா கிங் ஸ்னேக் எடுக்கலாமா? பெங்களூர் ஆளுங்க கேள்விகளுக்கு பதில்

பால் பைத்தானோ (ball python, ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை) கார்ன் ஸ்னேக்கோ ஒண்ணு வச்சு கை பழகிட்டு, அடுத்து கொஞ்சம் பெருசா, சாதுவா ஒரு கிங் ஸ்னேக் (நம்ம ராஜநாகம் இல்ல, விஷமில்லாத அமெரிக்கப் பாம்பு) எடுக்கலாமான்னு நம்ம பெங்களூர் தமிழ் ஆளுங்க நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஒரே மாதிரி வந்த கேள்விகள ஒண்ணா சேர்த்துட்டேன். எனக்கு ரொம்ப புடிச்ச பாம்பு இது, அதனால சில பதில் நீளமாத்தான் போகும்.

ராமமூர்த்தி நகர்லேர்ந்து: அண்ணா, 3 வருஷமா பால் பைத்தான் வச்சிருக்கேன், எப்ப பாத்தாலும் ஒளிஞ்சே கிடக்குது. பெருசா, சாதுவா, பகல்லயும் கொஞ்சம் நடமாடுற கிங் ஸ்னேக் எது?

ஃப்ளோரிடா கிங். நான் யோசிக்காம சொல்ற பதில் இதுதான் தம்பி.

கடையில காட்டுறது பெரும்பாலும் கலிஃபோர்னியா கிங், இல்லன்னா மெக்சிகன் பிளாக். ரெண்டுமே அழகுதான், கருப்பு பாம்புல மெக்சிகன் பிளாக்க அடிச்சுக்க ஆளே இல்ல, ஆனா ரெண்டும் 3, 4 அடியில நின்னுடும். ஃப்ளோரிடா கிங் 4லேர்ந்து 5 அடி வரும், சிலது அதுக்கு மேலயும் போகும். அமெரிக்காவுல தெற்கு ஃப்ளோரிடா சதுப்பு நிலத்துலயும் கரும்புத் தோட்டத்துலயும் இருக்கிற பாம்பு. அதுல ப்ரூக்ஸ்னு சொல்ற வகை வளர வளர உடம்பு முழுக்க வெளிர் மஞ்சள் புள்ளியா மாறிடும். குட்டியில வால ஆட்டும், கடிக்க வரும், கையில நாத்தம் புடிச்ச மஸ்க் விடும், அதப் பாத்து பயந்துடாதீங்க, வளர்ந்த ஃப்ளோரிடா கிங் பெரும்பாலும் நிதானமான பாம்பு. ஈஸ்டர்ன் கிங்கும் கிட்டத்தட்ட இதே சைஸ், ஆனா ஸ்பெக்கிள்டு கிங் கொஞ்சம் கடிக்கிற குணம், சாதுவா வேணும்னா அத விட்டுடுங்க. கிரே பேண்டட் சின்னது, குட்டியில பல்லி மட்டும்தான் திம்பேன்னு அடம் புடிக்கும்.

இன்னும் பெருசு வேணும்னா பிளாக் மில்க் ஸ்னேக். பேர் மில்க்னு இருந்தாலும் அதுவும் கிங் ஸ்னேக் குடும்பம்தான். கோஸ்டாரிகா, பனாமா மலைக்காட்டுப் பாம்பு, 6 அடி வரைக்கும் போகும், முட்டையிலேர்ந்து வரும்போது சிவப்பு, கருப்பு, வெள்ளை வளையத்தோட வந்து வளர வளர முழுக்க கருப்பாயிடும். குளிர்ச்சி புடிக்கிற பாம்புங்கிறதால நம்ம ஊர் கிளைமேட்டுக்கு அருமையா ஒத்துப்போகும். ஆனா கிடைக்கிறது கஷ்டம், விலையும் அதிகம்.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோ, 5 அடி கிங் ஸ்னேக்கும் உன் பைத்தான் மாதிரி தடிமனா இருக்காது. நீளம் இருக்கும், வெயிட் கம்மி, கையில ஒரு இடத்துல நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும். பைத்தான் மடியில சுருண்டு உக்காந்து பழகினவங்களுக்கு இது முதல்ல புதுசா இருக்கும்.

அல்சூர்லேர்ந்து: சார், எங்கிட்ட பெரிய டேங்க் இருக்கு, கார்ன் ஸ்னேக் கூடவே விடலாமா? நடுவுல தடுப்பு வச்சா?

வேண்டாம். தடுப்பு வச்சும் வேண்டாம், ஒரு நாளைக்கு கூட வேண்டாம். காட்டுல கிங் ஸ்னேக்கோட சாப்பாட்டுல மத்த பாம்பும் உண்டு, அதுக்கு ராட்டில் ஸ்னேக் விஷமே அவ்வளவா ஏறாது, புடிச்சு முழுங்கிடும். உங்க கார்ன் ஸ்னேக் இருக்கிற ராட் ஸ்னேக் குடும்பத்தையும் கிங் ஸ்னேக்கையும் வச்சு 2017ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, ஒரே சைஸ் பாம்பா இருந்தாலும் கிங் ஸ்னேக் இறுக்குற அழுத்தம் அதிகம்னு அளந்து காட்டினாங்க. தன்ன விட நீளமான பாம்பையே உள்ள மடிச்சு முழுங்குற பிராணி சார் இது. ரெண்டு கிங் ஸ்னேக்க ஒண்ணா போட்டாலும் ஒண்ணு இன்னொண்ண தின்னுடலாம்.

டேங்க் மட்டும் இல்ல, இடுக்கி, தண்ணிக் கிண்ணம் எல்லாமே தனித்தனி. புதுசா வந்தத 3 மாசமாவது வேற ரூம்ல வைங்க, மைட்ஸ் (ரத்தம் உறிஞ்சுற குட்டிப் பூச்சி) வந்தா ரெண்டுக்கும் பரவும். கார்ன் ஸ்னேக்க தூக்கிட்டு கை கழுவாம கிங் ஸ்னேக் டப்ப திறக்கவே திறக்காதீங்க, உங்க கையில அதுக்கு சாப்பாட்டு வாசனைதான் அடிக்கும்.

கம்மனஹள்ளிலேர்ந்து: சாதுன்னு சொல்றீங்க, ஆனா ஃப்ரெண்டு வீட்டு கிங் ஸ்னேக் அவர் விரல கடிச்சு விடாம மென்னுக்கிட்டே இருந்துச்சே அண்ணா?

அது கோவத்துல கடிச்சது இல்லங்க, பசியில கடிச்சது. கிங் ஸ்னேக்க புரிஞ்சுக்க இந்த ஒரு வித்தியாசம்தான் முக்கியம். பயந்த பாம்பு கடிச்சுட்டு உடனே விட்டுடும், சாப்பாடுன்னு நினைச்சது புடிச்சு மெல்லும். பால் பைத்தான் மாசக்கணக்கா சாப்பிடாம நம்மள அழ வைக்கும், இது நேர் எதிர், டப்ப திறந்தாலே எலி வந்துடுச்சுன்னு பாஞ்சு வரும். அதனால திறந்ததும் கைய விடாம முதல்ல ஹூக்காலயோ (பாம்பு தூக்குற வளைஞ்ச கம்பி) பேப்பர் ரோலாலயோ உடம்ப மெதுவா தொடுங்க. தினமும் இதே மாதிரி செஞ்சா, தொட்டா சாப்பாடு இல்லன்னு அதுக்கு பழகிடும். எலிய இடுக்கியிலதான் குடுக்கணும், சாப்பிட்டு 2 நாள் தூக்கக்கூடாது.

புடிச்சுக்கிட்டா இழுக்காதீங்க, பல்லு உடைஞ்சிடும், உங்க தோலும் கிழியும். குழாய்த் தண்ணிய லேசா விட்டா இல்ல வாய்கிட்ட துளி சானிடைசர் காட்டினா பெரும்பாலும் விட்டுடும். விஷம் கிடையாது, சோப்பு போட்டு கழுவினா போதும்.

எச்.ஏ.எல். பக்கத்துலேர்ந்து ஒரு அக்கா: டிசம்பர்ல எங்க வீடு ஐஸ் மாதிரி இருக்கு. ஹீட்டர் வேணுமா தம்பி?

வேணும்க்கா. டிசம்பர், ஜனவரி ராத்திரியில இங்க 15 டிகிரி வரைக்கும் இறங்குது. டேங்க்ல ஒரு பக்கம் 30 டிகிரி, இன்னொரு பக்கம் 23, 24 இருந்தா பாம்பு தானே மாறி மாறி உக்காந்துக்கும். ஹீட் மேட் அடியில போட்டு கண்டிப்பா தெர்மோஸ்டாட் (சூட்ட தானா கட்டுப்படுத்துற கருவி) மாட்டுங்க, இல்லாம போட்டா வயிறு வெந்துடும். சூடு பத்தாதப்ப எலி குடுத்தா செரிக்காம கக்கிடும், கக்கினா 10, 14 நாள் சும்மா விட்டு அப்புறம் சின்ன எலியா குடுங்க. வளர்ந்த ஆண் பாம்பு குளிர்காலத்துல சாப்பாட்ட நிறுத்தலாம், எடை குறையலன்னா கவலப்பட வேண்டாம். ஏப்ரல் வெயிலுக்கு மேட்ட ஆஃப் பண்ணிட்டு டேங்க்க ஜன்னல் பக்கத்துலேர்ந்து தள்ளி வச்சுடுங்க.

எஜிபுராலேர்ந்து: எலி கிடைக்கலன்னா சிக்கன் பீஸ் போடலாமா?

கூடாது. எலும்பு, ஈரல் எல்லாம் சேர்ந்த முழு உடம்புதான் அதுக்கு சாப்பாடு. ஃப்ரோசன் எலிய உருக வச்சு, வெதுவெதுப்பா ஆக்கி குடுங்க, எப்பவாவது காடைக் குஞ்சும் குடுக்கலாம். எலி பாம்போட தடிமன் அளவு இருந்தா சரி. குட்டிக்கு வாரம் ஒண்ணு, பெருசுக்கு 10லேர்ந்து 14 நாளைக்கு ஒரு தடவ. கிங் ஸ்னேக் எப்பவும் பசிக்குதுன்னுதான் காட்டும், அத நம்பி குடுத்துக்கிட்டே இருந்தா கொழுப்பு கட்டி சீக்கிரம் போயிடும், ஒழுங்கா பாத்துக்கிட்டா 20 வருஷம் இருக்கிற ஜீவன்.

கே.ஆர்.புரத்துலேர்ந்து: இதுக்கு பதிலா நம்ம ஊர் சாரைப்பாம்பே வளர்த்தா என்ன? பேப்பர் தொல்லை இல்லையே?

தொல்லை இல்லையா, கேஸே வரும். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி நம்ம நாட்டுப் பாம்ப வீட்டுல வைக்கக்கூடாது. வெளிநாட்டுப் பாம்புக்கும் கணக்கு உண்டு. பால் பைத்தான் சைட்டீஸ் (உயிரின வியாபாரத்த கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தம்) பட்டியல்ல இருக்கிறதால 2024ல வந்த விதிப்படி மத்திய அரசோட பரிவேஷ் போர்ட்டல்ல பதிவு பண்ணணும், ஏற்கனவே வச்சிருக்கிறவங்க பண்ணியாச்சான்னு ஒரு தடவ பாருங்க. கிங் ஸ்னேக் அந்தப் பட்டியல்ல இல்ல, ஆனா வெளிநாட்டுலேர்ந்து கொண்டு வர டி.ஜி.எஃப்.டி. (மத்திய அரசோட வெளிநாட்டு வர்த்தகத் துறை) லைசென்ஸ் வேணும். அதனால இங்கயே பிறந்த குட்டியா, அப்பா அம்மா எங்கேர்ந்து வந்துச்சு, எழுத்துல குடுப்பாங்களான்னு கேளுங்க. மழுப்பினா அங்கேர்ந்து கிளம்பிடுங்க. 2024 ஏப்ரல்ல நம்ம ஏர்போர்ட்லயே பாங்காக்லேர்ந்து வந்தவர் பெட்டிக்குள்ள 10 மஞ்சள் அனகோண்டாவ கஸ்டம்ஸ் புடிச்சாங்க. இப்படி சூட்கேஸ்ல மூச்சு முட்டி வர்ற பாம்ப நாம காசு குடுத்து வாங்கினா அடுத்த பெட்டிக்கும் நாமதான் டிக்கெட் எடுத்துக் குடுக்கிறோம்.

சிவாஜிநகர்லேர்ந்து: வாடகை வீடு. ஓனர்கிட்ட சொல்லணுமா?

சொல்லிடுங்க. ஓடிப்போனப்புறம் அவருக்கு தெரியுறத விட முன்னாடியே தெரியுறது நல்லது, பயந்து போய் அடிச்சே கொன்னுடுவாங்க. டேங்க் 4 அடிக்கு 2 அடியாவது இருக்கட்டும், கதவுக்கு பூட்டு கட்டாயம், ஒயர் போற ஓட்டைய கூட அடைங்க, மூக்கு நுழையிற சந்து இருந்தா போதும் இதுக்கு. ஸ்பெயினுக்கு சொந்தமான கிரான் கனேரியா தீவுல இப்படி வளர்ப்புலேர்ந்து வெளிய போன கலிஃபோர்னியா கிங் பெருகி, அந்தத் தீவுல மட்டுமே இருக்கிற ராட்சதப் பல்லிய பல இடத்துல காலி பண்ணிடுச்சு. வளர்க்க முடியலன்னாலும் ஏரிக்கரையில கொண்டு போய் விட்ற வேலையே வேண்டாம், தெரிஞ்சவங்க கையில குடுங்க.

ஸ்ரீராமபுரத்துலேர்ந்து: வாங்கப் போறப்ப என்ன பாக்கணும்?

குட்டிய விட ஒரு வயசு தாண்டினதா எடுங்க, குணம் ஓரளவு தெரிஞ்சிருக்கும். சாதுங்கிறது வகைக்கு பாதி, அந்தத் தனிப் பாம்புக்கு பாதி, அதனால நீங்களே கையில வாங்கிப் பாருங்க. தாடைக்கு கீழ, கண்ண சுத்தி கருப்பு புள்ளி நகர்ந்தா மைட்ஸ். வாய் ஓரத்துல சளி, மூச்சு விடும்போது சத்தம், முதுகெலும்புல மடிப்பு, எது இருந்தாலும் வேண்டாம். ஃப்ரோசன் எலி சாப்பிடுதான்னு வாய் வார்த்தையில நம்பாம உங்க முன்னாடி ஒண்ணு குடுக்கச் சொல்லுங்க, கிங் ஸ்னேக் ஆரோக்கியமா இருந்து தோல் உரிக்கிற நேரமோ குளிர்காலமோ இல்லன்னா மறுக்கிறது அபூர்வம். அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடியே பாம்பு பாக்குற வெட் யாருன்னு விசாரிச்சு நம்பர் வாங்கி வச்சுக்கோங்க, நாய் பூனை டாக்டர் எல்லாரும் இத பாக்க மாட்டாங்க.