பதில்: பொமரேனியன் நாய்க்கு இதய வால்வு கசிவு, மாத்திரை கொடுத்தும் இருமல் நிக்கல

திருப்பரங்குன்றத்திலிருந்து கேட்டிருந்தீங்க: 11 வயசு, 10 கிலோ பொமரேனியன், மிட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க வால்வு) கசிவு. பிமோபெண்டான் (இதய மாத்திரை) 2.5 மி.கி. இரண்டு வேளை, தயிர்சோற்றில் பிசைந்து கொடுக்கிறீங்க, ராத்திரி இருமல் குறையல.

அளவு சரிதான், கிலோவுக்கு 0.25 மி.கி. சோற்றில் பிசைவதுதான் தப்பு. வயிற்றில் சாப்பாடு இருந்தால் மருந்து சரியா ஏறாது. சோறு வைக்க ஒரு மணி நேரம் முன்னாடி, வெறும் வயிற்றில், 12 மணி நேர இடைவெளியில் கொடுங்க.

அதைவிட முக்கியம் மூச்சு எண்ணுவது. அசந்து தூங்கும்போது விலா ஏறி இறங்கினால் ஒன்று. முழுசா ஒரு நிமிஷம் எண்ணி காலண்டரிலேயே குறிச்சு வைங்க. மதுரை வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டு இளைக்கும்போது எண்ணினால் கணக்கு வராது, ஃபேனுக்கு அடியில் தூங்கட்டும். 30-க்குள் இருக்கணும். திரும்பத் திரும்ப 30-ஐத் தாண்டினால் நுரையீரலில் நீர் கோர்க்குதுன்னு சந்தேகப்படணும்; அன்றைக்கே டாக்டரிடம் போங்க, பெரும்பாலும் ஃப்யூரோசிமைடு (நீரை வெளியேற்றும் மருந்து) சேர்ப்பார். ஈறு நீலம் பாய்ந்தால் நடுராத்திரியானாலும் கிளம்பிடுங்க.

மூச்சு 20, 25-லேயே இருந்து இருமல் மட்டும் நீடித்தால் மூச்சுக்குழாய் தளர்ச்சியாகவும் இருக்கலாம். இந்த இனத்தில் அது சகஜம். வாத்து கத்துற மாதிரி வறட்டு இருமல். கழுத்துப் பட்டையைக் கழற்றிட்டு மார்புப் பட்டை போடுங்க. எக்ஸ்ரேயும் எக்கோவும் (இதய ஸ்கேன்) எடுத்தால் எதுன்னு தெரிஞ்சிடும்.

உப்பு அதிகமுள்ள கருவாடு, அப்பளம் வேண்டாம். ஃப்யூரோசிமைடு ஆரம்பித்தால் அடிக்கடி ஒண்ணுக்குப் போகும், அதுக்காகத் தண்ணிக் கிண்ணத்தை எடுத்துடாதீங்க, கிட்னி கெட்டுடும்.