கடைக் கழுவுநீரைத் தெருக் கானில் விடலாமா?

மட்டக்களப்பு கல்லடியில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பாத்திரம் கழுவும் தண்ணீரைத் தெருவோர வடிகானுக்குப் பைப் போட்டு விட்டிருக்கிறேன். அயலவர் முறைப்பாடு செய்ததால் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து நிறுத்தச் சொல்கிறார். பொதுச் சாக்கடையில் விடக்கூடாத பொருட்களின் பட்டியலை இணையத்தில் பார்த்தேன், அதில் பெற்றோல், அமிலம், நச்சு இரசாயனம் எல்லாம் இருக்கிறது. நான் அப்படி எதுவும் விடவில்லையே?"

நீங்கள் வாசித்த பட்டியல் சரிதான், ஆனால் அது உங்கள் வாசலில் ஓடும் கானுக்கு உரியதல்ல. கொழும்பு நகரில் இருப்பது போல மூடிய நிலத்தடிக் குழாயில் மலசலக் கழிவுநீரைக் கொண்டுபோகும் ஊர்களுக்கு எழுதப்பட்டது அது. அங்கே எரியக்கூடிய எண்ணெய் போனால் குழாய்க்குள் தீப்பிடிக்கும், அமிலம் கொங்கிறீற்றைத் தின்னும், கொழுப்பு உறைந்து அடைக்கும், கந்தகம் கலந்த கழிவு தேங்கினால் எழும் வாயு உள்ளே இறங்கும் தொழிலாளியைக் கொன்றே விடும். மழைநீரைக்கூட அதில் விட வேண்டாம் என்பார்கள், ஏனென்றால் குழாய் நிரம்பி வழியும். உங்கள் கானோ இதற்கு நேர்மாறு: மழைநீருக்கு மட்டும் கட்டியது, வழியில் சுத்திகரிப்பு எதுவும் இல்லாமல் வாவியில் போய் விழுவது. ஆகவே நச்சு இல்லை என்ற வாதம் இங்கே எடுபடாது.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008இல் வந்த வரம்புகளின்படி, உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீரின் பி.ஓ.டி. லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது, எண்ணெய்-கொழுப்பு 10 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. பி.ஓ.டி. என்பது அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரிலிருந்து இழுக்கும் ஒட்சிசனின் அளவு. சோற்றுக் கஞ்சியும் இறைச்சிக் கறியும் கலந்த கடைக் கழுவுநீரில் அது பல நூறு இருக்கும். முகத்துவாரம் மூடிக் கிடக்கும் கோடையில் இதெல்லாம் வாவியிலேயே நிற்கும், அப்புறம் ஆற்றுவாழை ஏன் இப்படிப் படர்கிறது என்று நாமே கேட்போம்.

சரி, என்ன செய்வது? முதலில் கிரீஸ் ட்ரப், அதாவது கொழுப்பைப் பிடித்து நிறுத்தும் தொட்டி. வேலை எளிது: சூட்டோடும் சவர்க்காரத்தோடும் கரைந்து வரும் கொழுப்பு தொட்டிக்குள் ஆறினால் மேலே மிதக்கும், அடியிலிருந்து எடுக்கும் குழாய் வழியே தண்ணீர் மட்டும் வெளியேறும். ஆற நேரம் வேண்டும், அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கடை மும்முரமாக இருக்கும் நேரத்தில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் போகிறது என்று வாளியில் பிடித்துப் பார்த்து அதை 30ஆல் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 10 லீற்றர் என்றால் தொட்டி 300 லீற்றராவது இருக்க வேண்டும். சிங்குக்குக் கீழே வைக்கும் சின்னப் பெட்டி கொத்து ரொட்டிக் கடைக்குக் காணாது. மிதக்கும் கொழுப்பும் அடியில் படியும் மண்டியும் சேர்ந்து ஆழத்தில் கால்வாசியைத் தொட்டால் அள்ளிவிட வேண்டும். அள்ளியதை உமியோடு பிசைந்து காயவைத்துக் குப்பையோடு கொடுங்கள். கொதிநீரோ கோஸ்டிக் சோடாவோ ஊற்றிக் கரைத்து விடாதீர்கள், கொழுப்பு சற்றுத் தூரம் போய் மறுபடி உறைந்துவிடும். பொரித்த எண்ணெயைச் சிங்கிலேயே ஊற்ற வேண்டாம், கானில் பிடித்து வையுங்கள் என்றால் தெருக் கானை நினைத்துவிடாதீர்கள், மூடியுள்ள பழைய எண்ணெய்க் கானைச் சொல்கிறேன்.

ட்ரப் வைத்துவிட்டால் மிச்சத் தண்ணீரைக் கானில் விடலாமா? விடமுடியாது, கொழுப்பு குறைந்தாலும் பி.ஓ.டி. வரம்பைத் தாண்டியே இருக்கும். மலசலகூடக் குழியோடும் சேர்க்காதீர்கள், தப்பி வரும் கொழுப்பு மண்ணை அடைத்து அந்தக் குழியையும் கெடுக்கும். தனி உறிஞ்சு குழிதான் வழி. நம் மணல் நிலத்தில் தண்ணீர் வேகமாக இறங்கும், அழுக்கும் கூடவே இறங்கும், அதனால் உங்களுடையதோ அயலவருடையதோ எந்தக் கிணற்றிலிருந்தும் 50 அடியாவது தள்ளியிருக்க வேண்டும், கூட இருந்தால் இன்னும் நல்லது. ஆடியில் தோண்டிப் பார்த்து ஏமாற வேண்டாம். மார்கழியில் கிணற்று நீர் எவ்வளவு ஏறும் என்று பார்த்து, குழியின் அடி அதற்கு மேலே நிற்கும்படி வெட்டுங்கள். அதற்கு இடமில்லை என்றால் மூடிய தொட்டியில் சேர்த்துக் கல்லி பவுசருக்கு (கழிவுநீரை உறிஞ்சி எடுத்துப் போகும் வண்டி) கொடுப்பதுதான் மிச்சம். செலவுதான், கடை வரவில் இதையும் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும்.

பி.எச்.ஐ.யோடு வாதாடாமல், கானுக்குப் போகும் பைப்பை இன்றைக்கே அடைத்துவிட்டு, ட்ரப்பும் குழியும் எங்கே வரும் என்று ஒரு தாளில் கீறிக்கொண்டு போய்க் கால அவகாசம் கேளுங்கள். கட்டடம் வாடகை என்றால் மண்வெட்டி எடுக்குமுன் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள்.