தம்பியின் தட்டும் டம்ளரும்

கேள்வி: என் தம்பிக்கு எச்.ஐ.வி. இருப்பது இரண்டு மாதங்களுக்கு முன்பு தெரியவந்தது. எங்களோடுதான் இருக்கிறான். சிகிச்சை தொடங்கிவிட்டார்கள், தினமும் மாத்திரை போடுகிறான். என் நான்கு வயது மகள் எந்நேரமும் ‘மாமா, மாமா’ என்று அவன் மடியிலேயே கிடக்கிறாள். அம்மா அவனுக்குத் தட்டு, டம்ளர், சோப்பு எல்லாம் தனியாக வைத்துவிட்டார். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இப்போது எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. போன வாரம் ஷேவ் செய்யும்போது வெட்டிக்கொண்டான், வாஷ்பேசினில் ரத்தம். கழுவியது நான்தான். அன்று இரவு முழுக்கத் தூக்கமே இல்லை. எங்களுக்குத் தொற்றாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? நாங்கள் எல்லோரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?

பதில்: முதலில் உங்கள் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். வாஷ்பேசினைக் கழுவியதால் உங்களுக்கு எச்.ஐ.வி. வராது. காயமில்லாத தோலைத் தாண்டி இந்த வைரஸால் உள்ளே போக முடியாது. கையில் ஆறாத புண்ணோ புதிதாகப் பட்ட வெட்டோ இருந்து, அதன்மேல் ரத்தம் பட்டிருந்தால்தான் யோசிக்கவே வேண்டும். அதிலும் தண்ணீரில் கரைந்து ஓடிய சில சொட்டுகள் பெரிய விஷயமில்லை. உடம்பை விட்டு வெளியே வந்து ரத்தம் காயக் காய, வைரஸ் வேகமாக வலுவிழந்துவிடும்.

அடுத்தது தட்டு. அதை இன்றைக்கே எடுத்து மற்ற தட்டுகளோடு அடுக்கிவிடுங்கள். எச்.ஐ.வி. பரவுவதற்கு ரத்தம், விந்து, விந்துக்கு முன் கசியும் நீர், பெண்ணுறுப்பிலும் ஆசனவாயிலும் சுரக்கும் திரவம், தாய்ப்பால் ஆகியவைதான் வழி. அவையும் இன்னொருவரின் ரத்தத்தோடோ உடம்பின் உட்புற மென்சவ்வோடோ சேர வேண்டும். எச்சில், வியர்வை, கண்ணீர், தும்மல் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே ஒரே டம்ளர், ஒரே சோப்பு, ஒரே கழிப்பறை, கட்டிப்பிடிப்பது, கன்னத்தில் முத்தம் கொடுப்பது எதற்கும் தடையில்லை. உங்கள் மகள் மாமாவின் மடியிலேயே இருக்கட்டும்.

உங்கள் அம்மாவின் மேல் எனக்குக் கோபமில்லை. 1981ல் இந்த நோயைப் பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு வெளியானது. வைரஸைக் கண்டுபிடித்தது 1983ல்தான். அந்தக் காலத்துப் பயம் மனதில் தங்கிவிட்டது. 1987ல் இளவரசி டயானா லண்டனில் ஒரு எய்ட்ஸ் நோயாளியின் கையைக் கையுறை இல்லாமல் குலுக்கினார் என்பதே உலகச் செய்தியாக இருந்த காலம் அது. பாத்திரத்தைப் பகிர்ந்ததால் ஒருவருக்கும் இது தொற்றியதில்லை.

கொசுவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது கட்டாயம் கேட்பார்கள். கொசு நம்மைக் கடிக்கும்போது உள்ளே விடுவது தன் உமிழ்நீரைத்தான், முன்பு குடித்த ரத்தத்தை அல்ல. அதன் உடம்பில் எச்.ஐ.வி. பெருகவும் முடியாது.

சரி, அப்படியானால் வீட்டில் எதற்குத்தான் ஜாக்கிரதை? ரத்தம் படும் பொருள்களுக்கு. ஷேவிங் ரேஸர், பிளேடு, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ் எல்லாம் ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும். தம்பிக்கு மட்டும் தனியாக அல்ல, வீட்டில் எல்லோருக்கும். எச்.ஐ.வி. இல்லாத வீட்டிலும் இதையேதான் சொல்வேன். ஏனென்றால் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இதைவிட எத்தனையோ மடங்கு எளிதாக ரத்தம் வழியே தொற்றும், காய்ந்த ரத்தத்திலும் ஒரு வாரம் வரை தாக்குப்பிடிக்கும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. போடாதவர்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

ரத்தம் சிந்தினால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொள்ளுங்கள். பழைய துணியாலோ காகிதத்தாலோ துடைத்து, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டுக் கழுவினால் போதும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். குழந்தைக்கு ஊட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை: எச்.ஐ.வி. உள்ளவர்கள் உணவை மென்று கைக்குழந்தைக்கு ஊட்ட வேண்டாம். ஈறில் கசிந்த ரத்தத்தால் அப்படித் தொற்றிய சம்பவங்கள் மிக மிக அரிதாகப் பதிவாகியிருக்கின்றன.

உண்மையில் எச்.ஐ.வி. பெரும்பாலும் பரவுவது ஆணுறை இல்லாத உடலுறவில்தான். பிறகு, பகிர்ந்துகொள்ளும் ஊசியில், சிகிச்சை பெறாத தாயிடமிருந்து குழந்தைக்கு. சாப்பாட்டு மேசையில் காட்டும் கவனத்தில் பாதியை இங்கே காட்டினால் போதும் என்று எனக்குப் பல முறை தோன்றியிருக்கிறது. எந்த ஊசியாக இருந்தாலும், பச்சை குத்துவதாக இருந்தாலும், காது குத்துவதாக இருந்தாலும் உறை பிரிக்காத புது ஊசியா என்று கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

உங்கள் தம்பியிடமும் சிலவற்றைப் பேச வேண்டும். நீங்கள் பேசச் சங்கடப்பட்டால் இந்தப் பகுதியை அவரிடமே படிக்கக் கொடுங்கள். தினமும் தவறாமல் மாத்திரை போட்டால், ரத்தத்தில் வைரஸின் அளவு பரிசோதனையில் தென்படாத நிலைக்குக் குறைந்துவிடும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள். அந்த நிலையில் நிலைத்திருப்பவரிடமிருந்து உடலுறவின் வழியாகக்கூட எச்.ஐ.வி. தொற்றுவதில்லை. 2016லும் 2019லும் வெளியான பார்ட்னர் ஆய்வுகளில், துணைவரில் ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. இருந்த நூற்றுக்கணக்கான இணையர்களைக் கவனித்தார்கள். ஆணுறை இல்லாமல் உறவு கொண்டும், சிகிச்சையில் கட்டுப்பட்டிருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. நான் படித்த காலத்தில் இப்படி ஒன்றை யாராவது சொல்லியிருந்தால் நாங்கள் நம்பியிருக்க மாட்டோம்.

ஆனால் உங்கள் தம்பிக்கு இப்போது இரண்டு மாதம்தான் ஆகிறது. ரத்தத்தில் வைரஸின் அளவைப் பார்க்கும் வைரல் லோடு பரிசோதனை முடிவு வந்து மருத்துவர் சொல்லும்வரை ஆணுறை கட்டாயம். அதன் பிறகும் மற்ற பால்வினை நோய்களுக்கு ஆணுறைதான் காவல். லேடெக்ஸ் ஆணுறையோடு எண்ணெய், வாசலின் சேர்த்தால் கிழிந்துவிடும், தண்ணீர் சார்ந்த வழவழப்புப் பொருள்தான் பயன்படுத்த வேண்டும். பின்னாளில் துணைவராக வருபவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். தொற்று இல்லாத துணைவர் முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் பிரெப் மாத்திரையும் இருக்கிறது. அவருக்குக் கல்யாணமும் குழந்தையும் சாத்தியம். அதைப் பற்றி அவர் இப்போதே நம்பிக்கை இழந்திருந்தால் திருத்துங்கள்.

வீட்டில் எல்லோரும் பரிசோதனை செய்ய வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே வீட்டில் இருக்கிறோம் என்பதற்காகத் தேவையில்லை. அவரோடு உடலுறவில் இருந்தவர்களும் ஊசியைப் பகிர்ந்தவர்களும்தான் செய்துகொள்ள வேண்டும். சந்தேகப்படும் சம்பவத்துக்கு மறுநாளே ஓடிப்போய்ச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. இப்போதுள்ள ஆய்வகச் சோதனைகள் பெரும்பாலும் 45 நாளில் கண்டுபிடித்துவிடும். விரல் நுனியில் குத்தும் துரித சோதனைக்கு 90 நாள் வரை பொறுக்க வேண்டியிருக்கும்.

ஒருவேளை நிஜமாகவே ரத்தம் தோய்ந்த ஊசியோ பிளேடோ குத்திவிட்டால், சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். அழுத்திப் பிழிய வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போய், குத்திய பிறகு தொற்றாமல் தடுக்கப் போடும் ‘பெப்’ மருந்து கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அதிலும் முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கினால் நல்லது. 28 நாள் போட வேண்டும். நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடப் போய் விரலில் குத்திக்கொண்டேன். அப்படிக் குத்தினாலும் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்றுதான் என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் அந்த 28 நாளும் தூக்கம் வரவில்லை. அதனால்தான் உங்கள் இரவை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. இப்போதைக்கு அவரிடமிருந்து உங்களுக்கு என்பதைவிட, உங்களிடமிருந்து அவருக்கு நோய் வரத்தான் வாய்ப்பு அதிகம். அவருடைய எதிர்ப்பு சக்தி இன்னும் தேறி வரவில்லை. முக்கியமாகக் காசநோய். வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் உடனே சளியைப் பரிசோதியுங்கள். அவருக்கே இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவில் வியர்வை இருந்தால் ஒரு நாளும் தள்ளிப் போட வேண்டாம்.

அம்மா நீங்கள் சொல்லிக் கேட்கமாட்டார் என்றால், தம்பி சம்மதித்தால், அடுத்த முறை அவர் மருந்து வாங்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிப் போங்கள். அங்கே இருக்கும் ஆலோசகரிடம் தட்டு, டம்ளர், சோப்பு என்று ஒவ்வொன்றாக அவரே கேட்டுக்கொள்ளட்டும்.