அடையாள அட்டை நம்பரில் ஒரு நாள் கூடுதலா?

கேள்வி: என் மகள் பிறந்தது 2007 மார்ச் 12. அவளுடைய அடையாள அட்டை எண் 2007572 என்று தொடங்குகிறது. நாட்காட்டியில் எண்ணினால் அது 71ஆவது நாள். ஜனவரி 20இல் பிறந்த மகனுக்கு 020 என்றிருக்க, இவளுக்கு மட்டும் ஏன் 572? பிரதேச செயலகத்துக்கு முன்னால் படிவம் நிரப்பும் ஒருவர், "நம்பர் பிழை, ஏழாயிரம் தந்தால் திருத்தித் தருகிறேன்" என்கிறார். (ஒரு தாய், தலவாக்கலை)

பதில்: நம்பர் சரி. ஏழாயிரம் உங்களிடமே இருக்கட்டும்.

இலங்கையில் 2016 முதல் கொடுக்கப்படும் 12 இலக்க அடையாள அட்டை எண்ணில் முதல் நான்கு இலக்கமும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் பிள்ளை என்றால் அதோடு 500ஐக் கூட்டுவார்கள். 72உம் 500உம் 572. அவ்வளவுதான்.

சரி, 71 எப்படி 72 ஆனது? இந்தக் கணக்கில் எல்லா வருடத்துக்கும் பெப்ரவரி 29 உண்டு. லீப் வருடமோ இல்லையோ, ஜனவரிக்கு 31, பெப்ரவரிக்கு 29, ஆக 60. மார்ச் 1 எப்போதும் 61. உங்கள் மகள் மார்ச் 12, ஆகவே 72. மகன் ஜனவரியில் பிறந்ததால் அவனுக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை. மார்ச் முதல் டிசம்பர் வரை சாதாரண வருடத்தில் பிறந்த எல்லோருக்கும் இந்த ஒரு நாள் கூடித்தான் வரும். இந்த ஒரு நாளைக் காட்டித்தான் புரோக்கர்கள் பயமுறுத்துகிறார்கள். கார்டின் பின்பக்கத்தில் இதை ஒரு வரி அச்சடித்திருந்தால் அவர்களுக்கு இங்கே பிழைப்பே இருக்காது. அதைச் செய்ய யாருக்கும் மனசில்லை.

இன்னொரு வேடிக்கை. ஆணுக்கு 366க்கு மேல் போகாது, பெண்ணுக்கு 501க்குக் கீழே வராது. அதனால் நடுவில் 420 என்று எவருக்கும் வரவே வராது. அந்த நம்பர் கார்டில் இல்லை, கார்டைத் திருத்தித் தருகிறேன் என்று வாசலில் நிற்கிறவரிடம் இருக்கிறது.

மிச்ச ஐந்தில் நான்கு வரிசை எண், கடைசி ஒன்று சரிபார்க்கும் இலக்கம். அதை விடுங்கள். உங்களுடையது பழைய 9 இலக்க எண்ணாக இருந்தால், முன்னால் 19 போட்டு, பழைய எண்ணின் முதல் ஐந்து இலக்கத்துக்குப் பின் ஒரு 0 சேர்த்து, கடைசியில் உள்ள V அல்லது X எழுத்தை எடுத்துவிட்டால் புதிய எண். இ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பத்திரத்தில் பழைய எண்ணும் கார்டில் புதிய எண்ணும் இருந்தால் "ரெண்டு ஆள்" என்று கதை விடுவார்கள், ஏமாறாதீர்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: கார்டில் உள்ள பிறந்த திகதியும் பெயரும் பிறப்புச் சான்றிதழில் உள்ளதும் ஒன்றா? வித்தியாசம் இருந்தால் பிரதேச செயலகத்துக்கு உள்ளே போய்க் கேளுங்கள். ஒரிஜினல் சான்றிதழை மட்டும் வெளியில் நிற்பவர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.