அம்மாவுக்கு ஓ பாசிட்டிவ் என்றுதான் இத்தனை வருஷமும் தெரியும். இப்போது பாம்பே குரூப் என்கிறார்கள். அப்படி மாறுமா? நான் ஓ பாசிட்டிவ், நான் கொடுக்கலாமா?

மாறாது. பிறந்தபோதே அம்மாவுக்கு அதுதான் குரூப். பழைய கார்டு எழுதியவர் பாதி டெஸ்டோடு நிறுத்தியிருப்பார். சேலத்தில் ஒரு பிளட் பேங்க்கில் டெக்னீஷியனாக இருக்கிறேன். இதை நேரில் பார்த்திருக்கிறேன். ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்: சாதாரண ஓ ரத்தம் அம்மாவுக்கு ஏற்றக் கூடாது. உயிருக்கே ஆபத்து.

ஏ, பி இரண்டு ஆன்டிஜெனும் (சிவப்பணுவின் மேல் இருக்கும் அடையாளப் பொருள்) எச் என்ற அடித்தளத்தின் மேல்தான் உருவாகின்றன. ஓ குரூப்காரருக்கு ஏ, பி கிடையாது, எச் நிறைய உண்டு. பாம்பே குரூப்காரருக்கு அந்த எச்சே கிடையாது. அதனால் ஓ ரத்தத்தையும் அவர்கள் உடம்பு அந்நியமாக நினைத்து அழிக்கும். 1952ல் பம்பாயில் டாக்டர் பெண்டேவும் சகாக்களும் முதலில் கண்டுபிடித்ததால்தான் இந்தப் பெயர்.

ஏற்காட்டில் காபித் தோட்ட வேலை செய்யும் ஓர் அக்கா கர்ப்பப்பைக் கட்டி ஆபரேஷனுக்காகக் கீழே வந்திருந்தார். முகாமில் கொடுத்த கார்டில் ஓ பாசிட்டிவ். கிராஸ் மேட்ச் போட்டேன், அதாவது அவர் சீரத்தில் (ரத்தத்தின் தெளிந்த நீர்) ஏற்றப் போகும் ரத்தத்தின் செல்லைக் கலந்து பார்த்தேன். பொருந்தும் ரத்தம் என்றால் ட்யூபைத் தட்டியதும் அடியில் இருக்கும் செல் புகை மாதிரி எழுந்து கலையும். அன்று ஒரே சிவப்புக் கட்டியாக உருண்டது. அடுத்த பாக்கெட், அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே. அவர் சீரத்தில் ஓ செல்லைப் போட்டாலும் கட்டி. கடைசியில் எச் இருக்கும் செல்லைக் கட்டியாக்கும் எச் லெக்டின் என்ற பொருளைப் போட்டேன், அவர் செல் கட்டியாகவே இல்லை, சந்தேகம் தீர்ந்தது. (அந்த லெக்டின் ஊட்டிப் பக்கம் மஞ்சளாய்ப் பூக்கிற கோர்ஸ் முள்செடியின் விதையிலிருந்து வருவது.) ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள். கூடப்பிறந்த தம்பியை வரவழைத்துப் பார்த்தோம், அவருக்கும் அதே குரூப். மலையிலிருந்து பஸ் ஏறி வந்து அவரே கொடுத்தார்.

இந்தியாவில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. ஐரோப்பாவில் 10 லட்சத்தில் ஒருவர்தான். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் குறைபட்ட மரபணு வந்தால்தான் இப்படி ஆகும். தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டும் குடும்பங்களில் அந்த இரண்டும் சேர வாய்ப்பு அதிகம்.

நீங்கள் கொடுக்கலாமா என்றால், எச் இருக்கிற ஓ என்றால் முடியாது. பெற்றோர் சொந்தத்தில் கட்டியவர்கள் என்றால் உங்களுக்கும் பாம்பேயாக இருக்கலாம், ரிவர்ஸ் குரூப்பிங் (உங்கள் சீரத்தை, ஓ உட்பட, குரூப் தெரிந்த செல்களோடு கலந்து பார்ப்பது) செய்து பாருங்கள். அம்மாவின் கூடப்பிறந்தவர்கள்தான் முதல் நம்பிக்கை, ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. மாமா, பெரியம்மா, சித்தி எல்லாரையும் இந்த வாரமே கூட்டிப் போங்கள். ஆபரேஷன் அவசரமில்லை என்றால், அம்மாவின் ரத்தத்தையே முன்கூட்டி எடுத்து வைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பழைய கார்டை மட்டும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.